பூண்டு சாதப் பொட்டலம்

ட்ரையரில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருந்த பூண்டு சாதத்தைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள் மகாராணி. காட்டில் டென்ட் போடுகிறவர்கள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் போதும், சாப்பாடு தயார்.

"போன தடவை வாங்கினது எப்படி இருந்துச்சு தம்பி?"

"சூப்பர்க்கா," என்றான் மலையேற வந்திருந்த நிஹால். "பனியில வழி தப்பிட்டோம். அண்ணன்தான் பாதை காட்டினாரு."

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டுக்காரருதான். சாதத்தை ஒரு வாய் தின்னதும், 'இது எம் பொஞ்சாதி மகாராணி கைப்பக்குவம்'னு அழுதுட்டாரு. பொட்டலம் முழுசும் அவரே காலி பண்ணிட்டாரு. கூட வாங்கன்னு கூப்பிட்டோம். 'பூண்டி ஊருக்குள்ள நான் கால் வைக்க முடியாது'ன்னுட்டாரு. வீட்டுல ஏதும் சண்டையாக்கா?"

மகாராணி பொட்டலங்களைக் கொடுத்தனுப்பினாள்.

அவன் போனதும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் சுப்பம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "மதினி, எங்கண்ணன் ஆவியா அலையுதா? போன வருஷம் நாமதானே பொதச்சோம்! வெரசா ஒரு பூசை போட்டுருவோம்."

"ஆவி சோறு திங்குமா சுப்பம்மா? பள்ளத்துல கெடந்த பொணத்துக்கு மொகமே இல்ல. சட்டையப் பார்த்துத்தானே உங்கண்ணன்னு சொன்னோம்?"

"ஆமா..."

மகாராணி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப நாம பொதச்சது யாரை? அந்த ஆளுக்கு உங்கண்ணன் சட்டைய மாட்டிவிட்டது யாரு?"