பக்கத்துக்கு மூன்று

முத்தரசியின் கட்டுரை நான்காவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. கையால் எழுதியதுதான். ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாத தாளை இயந்திரம் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதியது என்று கல்லூரி தள்ளிவிடும். முதலாண்டு எழுத்துப் பாடத்தில் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது. தவறியவர்களைக் கரையேற்றுவதுதான் எஸ்தரின் வேலை. அந்த வாரத்தில் இவள் முப்பத்தோராவது ஆள்.

"நான் யோசிச்சிட்டுத்தான் மிஸ் எழுதுவேன். தப்பு வராது."

"வரணும்மா. பக்கத்துக்கு மூணு. ஆரம்பத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில போடுற கையெழுத்துக்கு மேல ஒண்ணு. பாதி வார்த்தை எழுதிட்டு அடிச்சிரு. அப்பதான் நம்புவாங்க."

இதை எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று! எஸ்தருக்கே வாய் கசந்தது. முத்தரசி மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள், தேறியும் விட்டாள்.

பத்து நாள் கழித்து, அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். ஊரில் அவள் அப்பா இறந்துவிட்டார். விடுதியிலிருந்து அனுப்ப விடுப்புக் கடிதம் கேட்டிருந்தார்கள்; அதில் எஸ்தர் கையெழுத்துப் போட வேண்டும்.

கடிதம் நான்கே வரி. ஆரம்பத்தில் ஓர் அடித்தல், நடுவில் ஒன்று, கையெழுத்துக்கு மேல் ஒன்று.

எஸ்தர் பேனாவைத் திறந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணும் போட்டிருக்கேன் மிஸ்," என்றாள் முத்தரசி. "நம்புவாங்கல்லா?"