வெறும் ஜார்

பெண்டாட்டி எலும்பும் தோலுமாய்ப் படுக்கையில் கிடக்கிறாள். புருஷன் அடுக்களைத் தரையில் சம்மணமிட்டு, யாரோ தூக்கிப்போட்ட மிக்ஸிக்குக் கார்பன் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கடைசி காலத்தில் தங்கைக்குக் கஞ்சியாவது ஊற்றலாமென்று அக்கா ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் போகிற மகளிடம், அம்மாவுக்கு வெறும் அசதி என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

தங்கை புருஷனுக்கு இந்தப் பித்து புதுசில்லை. பழைய மிக்ஸி, கிரைண்டர், ஜூஸ் பிழிகிற மெஷின் என்று எது கிடைத்தாலும் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். முன்பெல்லாம் அவன் கை பட்டால் பூனை நடக்கிற மாதிரி ஓடும். இப்போது எதைத் தொட்டாலும் ரம்பம் அறுக்கிற சத்தம். தப்பித்தவறி ஒன்று அமைதியாக ஓடிவிட்டால், இது சரிப்படாது என்று ஓரங்கட்டிவிடுவான்.

"கொஞ்சம் கண்ணசரணும்க்கா, கதவைச் சாத்திட்டுப் போ" என்பாள் தங்கை. சாத்தியதுதான் தாமதம், அடுக்களையில் மிக்ஸி அலற ஆரம்பிக்கும். அரிசியா, பருப்பா, ஒன்றும் கிடையாது. வெறும் ஜாரைச் சுற்றவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பான்.

"அம்மா தூங்குனாதான் பெரியம்மா, அப்பாவுக்கு மிக்ஸி ஞாபகமே வரும்" என்று மகள்கூடக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"வீடு பத்தி எரியறப்ப பீடிக்கு நெருப்புக் கேட்ட கதையா இருக்கே, தம்பி. அவ நிம்மதியாச் சாகக்கூட விடமாட்டீங்களா?"

அவன் தலை நிமிரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். குனிந்தபடியே ஸ்க்ரூவைத் திருகினான். வெட்கம் இருந்தால் சரி என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் மருந்து வாங்கப் போன நேரம், தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டது. அக்கா யோசிக்கவே இல்லை. அடுக்களையிலும் அலமாரியிலும் இருந்த மெஷின்களை எல்லாம் வாரி அவர் வண்டியில் ஏற்றினாள். காசு வேண்டாம், கண்காணாத இடத்துக்குக் கொண்டு போனால் போதும் என்றாள்.

சாயங்காலம், அவன் திரும்புவதற்கு முன்பே மகள் வந்து, அடுத்த அறையில் சத்தமாகப் பாடம் படிக்க ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் தங்கையின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"கண்ணசரணும்க்கா. கதவைச் சாத்திட்டுப் போ."

"தாராளமாத் தூங்குடி. அந்தச் சனியன் எல்லாத்தையும் இரும்புக்காரன் வண்டியில ஏத்தி விட்டுட்டேன். இனிமே ஒரு பொட்டுச் சத்தம் வராது."

தங்கையின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

தங்கை போர்வையை இறுகப் பிடித்தாள். உடம்பு வில்லாய் வளைந்தது. தலையணை முனையை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். வலியின் அலை கொஞ்சம் அடங்கியபோது அதை எடுத்துவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"அது ஓடுனாதானேக்கா, பாப்பா காதுல விழாம நான் வாய்விட்டுக் கத்த முடியும்."