வயர் இல்லாத மெஷின்

“உள்பக்கமுங்களா?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளப் போனான்.

“வெளிய.”

கை கைப்பிடியிலேயே நின்றது.

பதினெட்டு வருஷத் தச்சு வேலையில், படுக்கையறைக்குத் தாழ்ப்பாள் என்று யார் சொன்னாலும் அது உள்ளே இருப்பவர் போட்டுக்கொள்வது. அதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. அதனால் பையில் கொண்டுவந்தது விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள்.

அந்த வீட்டு மூத்த மகன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். வாசற்கதவுக்குப் போடுகிற இரும்புத் தாழ்ப்பாள். பூட்டு மாட்டும் வளையத்தோடு. கூடவே ஒரு பூட்டு.

“இதைப் போடுங்க.”

அறைக்குள் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கத்தவில்லை. அழுது அழுது குரல் வற்றிப்போயிருந்தது.

“தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. எந்திரிச்சு எங்காச்சும் போயிருது.”

காய்ச்சல்காரிக்கு யார் பூட்டு வாங்குவார்கள்? கதவோரம் ஒரு ஜோடி பெண் செருப்பு கிடந்தது. ஒன்றின் வார் அறுந்திருந்தது. பக்கத்தில் நொறுங்கிய போன். பெருக்கித் தள்ள வேண்டுமென்றுகூட அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மாடிப்படி முடிகிற இடம் அது. சுற்றுமுற்றும் பார்த்தான். பிளக் கிடையாது. இருந்தால் அறைக்குள் இருக்கும்.

காலையில் போனில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“உங்ககிட்ட வயர் இல்லாத மெஷின் இருக்குதுங்களா?”

இருக்கிறது என்று சொல்லும்போது அவனுக்கு என்ன பெருமை! மூன்று வாரம் கடைக்கு நடந்து, பன்னிரண்டு வோல்ட்டா இருபது வோல்ட்டா என்று இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்து, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடும் அளவுக்குக் கேள்வி கேட்டு வாங்கிய துளை போடும் மெஷின். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இத்தன நேரம் பாக்கல” என்று பூங்கோதை கிண்டலடித்தாள். மெஷின் வந்த ராசி, ஒரே வாரத்தில் பெரிய வீட்டிலிருந்து அழைப்பு என்று பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டுதான் கிளம்பினான்.

வயர் மெஷின் என்றால் பிளக்குக்காகக் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

அதற்குத்தான் கேட்டிருக்கிறார்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“நான் வேணா இன்னொரு நாள் வந்து…”

“ரெண்டு நாளைக்குத்தான் வேணும். அப்பறம் தேவைப்படாது.”

ஏன் தேவைப்படாது என்று அவன் கேட்கவில்லை. கீழே ஹாலில் இரண்டு ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவிடலாம். ஓடினால் இன்னொருவன் வருவான். இப்போது எல்லாரிடமும்தான் இந்த மெஷின் இருக்கிறது. வருகிறவன் சரியாகப் போட்டுவிட்டுப் போவான்.

பையைத் திறந்தான். அந்த ஸ்க்ரூவுக்குத் துளை போட மூன்று மில்லி பிட்டை எடுக்க வேண்டும். விரல் அதைத் தாண்டி ஆறு மில்லிக்குப் போனது.

தேக்கில் துளை விழுந்தது. ஸ்க்ரூ அதற்குள் தொளதொளவென்று ஆடும். தீக்குச்சியை ஒடித்து, பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகினான். உளுத்த கதவுக்குச் செய்கிற ஒட்டுவேலை. இது நேற்றுப் போட்டதுபோல் இருக்கிற கதவு. அந்த வித்தியாசம் தச்சனுக்குத்தான் தெரியும்.

மெஷினின் வாயருகே எண் போட்ட வளையம் ஒன்று உண்டு. பெரிய எண்ணில் வைத்தால் ஸ்க்ரூவை மரத்தின் நெஞ்சுவரை இறக்கும். சின்ன எண்ணில் வைத்தால், தலை தகட்டைத் தொட்டதுமே சத்தம் போட்டு நின்றுவிடும்.

இரண்டில் வைத்தான்.

கட்டக் கட்டக்.

கேட்கிறவருக்கு அது நன்றாக முறுக்கேறிய சத்தம்.

கட்டக் கட்டக்.

பலகையைப் பிடித்திருந்த இடது கையில் அவளுடைய விசும்பல் அதிர்ந்தது. கதவில்தான் சாய்ந்திருக்கிறாள். ஒரு பலகைதான் நடுவில். கை வியர்த்து மெஷின் வழுக்கியது. தான் அழுதுவிடுவோமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

நான்காவது ஸ்க்ரூவும் ஏறியது.

“முடிஞ்சுதா?”

அவர் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். ஓரடி பின்னால் போய்த் தோளைத் திருப்பினார். முட்டிப் பார்க்கப் போகிறார்.

“ஐயோ, வேண்டாமுங்க!”

குரல் வேண்டியதைவிட உயர்ந்துவிட்டது. உயர்ந்தது உயர்ந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டான்.

“பசை காயலீங்க. விடியற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது. ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தா கையோட வந்துருமுங்க.”

அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னான்.

உள்ளே விசும்பல் நின்றது.

அவர் தோளை இறக்கினார். பூட்டை எடுத்து, பசை பெயராமல் மெதுவாக மாட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்து, சத்தமில்லாத அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்தான். படியிறங்கினான்.

நான்கு படி.

“ஏனுங்க.”

திரும்பிப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீடு தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துலதானுங்களே?”

இந்த நேரத்தில் பூங்கோதை வாசற்கதவைத் திறந்துபோட்டுத்தான் வைத்திருப்பாள்.