பியூலா வாங்கிய வலி

அன்று காலையில் இடுப்பு வலியில் விறைத்துப்போய், கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். இருபத்தாறு வருடம் கல் குவாரியில் சம்மட்டி அடித்த உடம்பு. தொழிலாளர் உடம்பைச் சோதித்து குவாரிக்கு அறிக்கை அனுப்பும் மனித வளர்ச்சி ஆய்வு மையத்தில் எனக்கு அன்று வருடாந்திரப் பரிசோதனை.

"பத்துக்கு எவ்வளவு வலி, செங்கோடண்ணா?" என்று ஆய்வாளர் பியூலா கேட்டார்.

"ரெண்டு, மேடம்."

அதற்கு மேல் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் வருடாவருடம் அதையேதான் சொல்லிவந்தேன். ஆனால் மையத்தில் இப்போது புது விதி. ஒருவரைப் பற்றி எழுதுகிறவர், அவருடைய வலியை ஒரு மணி நேரம் தன் உடம்பில் வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுத வேண்டும். வலியைக் கடத்த என் இடுப்பில் ஒரு பட்டை, அவர் இடுப்பில் ஒரு பட்டை. பியூலா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. மேசையைப் பிடித்தபடி என்னை முறைத்தார்.

"இதாண்ணா உங்க ரெண்டு? நல்லா கணக்கு படிச்சீங்க!"

"பள்ளிக்கூடம் போனாத்தானே மேடம்! கழட்டிடுங்க, போதும்."

"ஒரு மணி நேரம் ஆகட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அறிக்கையால் குவாரியில் என்னை அதே சம்பளத்தில், லாரிகளை எடைபோடும் எடைமேடைக்கு மாற்றினார்கள். என் வலியைப் பார்த்தவர்கள் உண்டு, பட்டவர் அவர் ஒருவர்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மையத்துக்குப் போய் வலியை உள்ளபடி சொல்லிவிட்டால் வேலை போகும் என்று பயமுறுத்தி, கூட வேலை செய்த எட்டுப் பேரைப் போகவிடாமல் தடுத்தவன் நான். அது தப்பு என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.