இரண்டு பாவாடைகள்

இரண்டு பாவாடைகளும் அவன் மடியில் கிடந்தன.

ஒன்று நீலம். ஒன்று வெள்ளை.

உள்ளறையில், செத்துப்போன அவன் மனைவி பாங்கைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு அண்ணி காத்திருந்தாள். வெளியே மூங்கில் குழல்காரர் காத்திருந்தார். பாங்குக்கு உடுத்தி முடித்த பிறகுதான் அவர் ஊதுவார்.

செத்தவர்களுக்குக் குழல் வழி சொல்லும். மோங் மக்களின் மலைகளில் அப்படித்தான். ஆனால் போய்ச் சேர்கிற இடத்தில் உடைதான் அடையாளம். முன்னோர் முகத்தைப் பார்ப்பதில்லை. சணல் துணியையும் தையலையும் பார்த்துத்தான் நம்மவள் என்று கூப்பிடுவார்கள்.

நீலம் அவன் குலத்தாருடைய உடை. பாங் இந்த வீட்டுக்கு வந்த பிறகு நெய்தது. மெழுகில் கோடு இழுத்து, அவுரித் தொட்டியில் திரும்பத் திரும்ப முக்கி, ஓரமெல்லாம் சிவப்பு நூலில் நத்தைச் சுருள்களாகத் தைத்திருந்தாள்.

வெள்ளை, மலைக்கு அந்தப் பக்கத்தாருடைய உடை. சாயமே படாத சணல். அங்கே அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். ஒரு பெண் குழந்தையும் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் இருவரும் போய்விட்டார்கள்.

புருஷனைப் பற்றி அவள் பேசியதே இல்லை. குழந்தையைப் பற்றி ஒரு தடவை, மெழுகு உருகிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"என் பாவாடையப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும். அண்ணாந்து மொகத்தக்கூடப் பாக்காது."

அவன் அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தான்.

அண்ணி கதவருகே வந்து நின்றாள். அவன் மடியைப் பார்த்தாள்.

"வெள்ளைய உடுத்துனா அவ அந்தப் பக்கம் போயிருவா தம்பி. நாளைக்கு நீ போயித் தேடுனாலும் கெடைக்க மாட்டா."

அவனுக்குத் தெரியாததா. விடிந்ததிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பொறாமையாக இருந்தது. இன்னும் நடக்கப் பழகாத ஒரு குழந்தையின் மேல். அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

நீலத்தை முகத்தோடு வைத்துக்கொண்டான். அவுரியின் புளித்த வாடை. இந்த வீட்டின் வாடை.

பிறகு வெள்ளையை எடுத்துக் கொடுத்தான்.

உடுத்திவிட்டு அண்ணி கூப்பிட்டாள். மடிப்பு மடிப்பாக வெள்ளை. அவனுக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணாகப் படுத்திருந்தாள்.

அண்ணி ஈரத்துணியில் சாம்பலைத் தொட்டு அவள் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம் ஏறியிருந்தது. இதோடு போனால் அந்தப் பக்கத்தார் சந்தேகப்படுவார்கள் என்றாள்.

அவன் துணியை வாங்கிக்கொண்டான். அண்ணியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னான்.

ஒவ்வொரு விரலாகத் தேய்த்தான். அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தான். நீலம் மெல்ல மெல்ல விட்டது.

இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மிச்சம் இருந்தது.

அதைத் தேய்க்கவில்லை.

மற்ற விரல்களோடு சேர்த்து உள்ளே மடக்கி, அவள் கையை மூடி வைத்தான்.

பிறகு வெளியே வந்து, குழலை ஊதச் சொன்னான்.