வரப்போரப் பொறி

"ஊர்ல இருக்கிற அந்துப்பூச்சியையெல்லாம் வெத்தல பாக்கு வெச்சு என் காட்டுக்கு அழைக்கறானுங்க அம்மணி. என்னன்னு கேளுங்க."

வேளாண் அலுவலர் சாஜிதா பேகம் வண்டியை நிறுத்துவதற்குள் மருதாசலம் ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்துக் காட்டு நஞ்சுண்டன் தன் பூச்சிப் பொறிகளைப் பிடுங்கி வந்து, பொது வரப்பில் வரிசையாக நட்டிருந்தான். அவன் வீட்டுக் காதுகுத்து விருந்தில் தன்னை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று மருதாசலம் அவனோடு பேசுவதை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன.

போன வருடம் மருதாசலத்தின் மக்காச்சோளம் முழுவதையும், அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்த படைப்புழு தின்றுவிட்டது. இந்த முறையும் போனால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

நஞ்சுண்டனின் பொறிகளில் பூச்சி நிறைந்து கிடந்தது. மருதாசலத்தின் பொறிகளில் ஒன்றுகூட இல்லை.

"பாத்தீங்களா, என் காடு சுத்தமுங்க" என்று மீசையைத் தடவினார்.

சாஜிதா பொறியின் மூடியைத் திறந்தாள். உள்ளே பூச்சியை இழுக்கும் மருந்து, வாங்கிய கவரோடு தொங்கியது.

"ஏனுங்கய்யா, கவரைப் பிரிக்கவே இல்லையே?"

"பிரிச்சா வாசம் போயிருமேன்னு உட்டுட்டேனுங்க."

அவள் பதறிப்போய் மக்காச்சோளத்துக்குள் இறங்கினாள். பொறி காட்டாவிட்டால் பூச்சி வந்ததே தெரியாதே. குருத்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். பழைய இலையில் சில ஓட்டைகள். குருத்தெல்லாம் பச்சைப் பசேல்.

"புழு பொரிக்கிற நேரம் பாத்து மருந்தடிச்சிருக்கீங்க. யார் சொன்னாங்க?"

"எங்கூட்டுக்காரிதானுங்க" என்றார் பெருமையாக.

மோர் கொண்டுவந்த அவர் மனைவி மாசாணியம்மாள் சிரித்துவிட்டாள். "எனக்கென்னங்க தெரியும்? நஞ்சுண்டண்ணன் சொல்லிவிட்டதுங்க. தான் சொன்னதுன்னு தெரிஞ்சா இவரு அடிக்கமாட்டாருன்னு, நானாச் சொன்ன மாதிரி சொல்லச் சொன்னாங்க. இவரு பொறியில பூச்சி விழறதில்லைன்னு பாத்துத்தான், இங்க பூச்சி எப்ப வருதுன்னு தெரிஞ்சுக்க அவங்க பொறியக் கொண்டாந்து நம்ம வரப்புல நட்டதும்."

மருதாசலம் மோரைக் குடிக்காமல் நின்றார்.

"அப்போ பொறிகளை எடுக்கச் சொல்லட்டுங்களா?" என்றாள் சாஜிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் மோரை ஒரே மூச்சில் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்துக் காட்டில் நின்ற நஞ்சுண்டனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ மாப்ள, பொறிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நடு."