யார் எழுதினால் என்ன

முத்துமாரி எழுதிய லிப்ட் மென்பொருள் கம்பெனியின் சொந்த சர்வரில், பூட்டிய அறைக்குள் இருந்தது. வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. எந்த வரியை யார் எழுதினார்கள் என்பது மட்டும் அதில் பதிவாகிவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரியான அவளுக்கு அந்தப் பதிவில் தன் பேரைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

அந்த மென்பொருளுக்கு விருது அறிவித்த வாரம் மேனேஜர் ரகுநந்தன் அந்த வரிகளையெல்லாம் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். "யார் எழுதுனா என்னம்மா, எல்லாம் நம்ம கம்பெனிதானே?" என்றார். "பிரேக் இன்னும் சோதிக்கவில்லை" என்று அவள் எழுதிவைத்த குறிப்பையும் அழித்துவிட்டார். பார்க்க அசிங்கமாக இருந்ததாம்.

அடுத்த மாதமே லிப்ட் மூன்று மாடி சறுக்கியது. பழுதான வரியை எழுதியவரே நூறு தடவை அந்த லிப்டில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். விசாரிக்க வந்த அரசு அதிகாரி சர்வரைப் பார்த்துப் பேரை வாசித்தார்.

மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. "மாரி, நீதானம்மா எழுதுன? சார்கிட்ட சொல்லேன்!"

"யார் எழுதுனா என்ன சார், எல்லாம் நம்ம கம்பெனிதானே?" என்றபடி நாற்பதாம் மாடிக்கான பொத்தானை அவளே அழுத்தினாள். "நீங்க தைரியமா ஏறுங்க. பிரேக் சோதிக்கலன்னு நான் மறுபடி குறிப்பு எழுதி வைக்கிறேன்."